பனிக்காலத்தில் யார் இந்தியன்?

டெல்பர்ட் லக்கோட்டா என்ற அமெரிக்கச் செவ்விந்திய இனத்தவன். அமெரிக்கப் படையோடு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து, ஜெர்மன்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு தொழிற்சாலையில் ஒதுங்கிவிட்டான். ஆளை யாரும் கண்டுகொள்வதில்லை, எர்வினின் சங்கத்தைத் தவிர. எர்வின் இறைச்சிக்கடைக்காரன். கோடை வந்தால் போதும், அவனும் கூட்டாளிகளும் தலையில் இறகு செருகி, காட்டோரம் கூடாரம் அடித்து, செவ்விந்தியர்களாகிவிடுவார்கள்.

1968 ஜூலையில் டெல்பர்ட்டை நடுவில் உட்காரவைத்து, "சிலந்திக் கதை ஒண்டு சொல்லு" என்றார்கள். லக்கோட்டாக் கதைகளில் சிலந்திதான் ஊரை ஏய்க்கும் எத்தன்.

"அது பனிக்காலக் கதை. வெயிலிலை சொல்லக்கூடாது. பனி விழட்டும், சொல்லுறன்."

"பாவம், இவனுக்குத் தெரியாது போலை" என்ற எர்வின், புத்தகத்தில் படித்த கதையைத் தானே எடுத்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். டெல்பர்ட்டின் மனைவியும் தட்டினாள்.

முதல் பனி விழுந்த அன்றே டெல்பர்ட் எர்வினின் கடைக்குப் போனான். "இப்ப சொல்லலாம். ஆக்களைக் கூப்பிடு."

எர்வின் தொத்திறைச்சியைத் தராசில் போட்டபடியே சிரித்தான். "உனக்கென்ன விசரே? பனிக்காலத்திலை ஆர் இந்தியன்?"

எழுபதுகளிலும் கோடைதோறும் கூப்பிட்டார்கள். டெல்பர்ட் போனான். எர்வின் கதை சொல்ல, பக்கத்திலிருந்து உம் கொட்டினான். பனி விழுந்ததும் அவர்கள் இறகைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். டெல்பர்ட்டுக்குத்தான் கழற்றிவைக்க எதுவும் இருக்கவில்லை.