செவலைச் சேவலின் கழுத்து

வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் தன் தூண்டில் பெட்டியைத் திறந்து காட்டினார். மீனை ஏமாற்ற, முள் ஒவ்வொன்றிலும் பூச்சிபோலச் செவலை இறகு சுற்றியிருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும்.

எட்டு வயதில் நான் வளர்த்த சேவலின் கழுத்து அதே நிறம். அம்மாவின் காய்ச்சலுக்காகச் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. துறைமுக அதிகாரி ஒருவர் தாமிரபரணியில் படகில் மிதந்து மீன் பிடிக்க வந்தார். முள்ளில் கட்ட இறகு வேண்டுமென்றார். அப்பா சேவலை அமுக்கிக் கழுத்தை மொட்டையடித்தார்.

"சாமிக்கு விட்டதுல்லாப்பா."

"சும்மா கெட, ஏளா. ஐயா கேக்காவ."

ஐயா பொழுது சாயும்வரை மிதந்தார். ஒரு கெண்டைகூட மாட்டவில்லை. துவைக்க வந்த பெண்கள் முந்தியில் அள்ளிய அயிரையை அப்பா வாங்கிக் கொடுத்தார். ஐயா பிடித்ததாக ஊரெல்லாம் சொன்னார்.

கோயில் கொடை விழாவில் பூசாரி சேவலைத் தள்ளிவிட்டார். "மொட்டைக் கோழியவா சாமிக்குக் கொண்டாந்திய?"

"புள்ள வெளையாட்டுல பிச்சிட்டா," என்றார் அப்பா. ஊரே என்னைப் பார்த்தது.

"எத்தன மீன் மாட்டிச்சு மாப்ள?" என்று இப்போது மருமகனிடம் மெல்லக் கேட்டேன்.

"நெறைய, அத்தை. புடிச்சு, போட்டோ எடுத்துட்டு, திரும்ப ஆத்துலயே விட்டுருவோம்."

பிடுங்கிய இறகை எந்தக் கழுத்தில் திரும்ப விடுவீர்கள் என்று கேட்க வாய் வந்தது. புளி கரைக்க உள்ளே போனேன்.