மூன்று பைட்டுகளும் ஈர நெல்லும்

கணினி வட்டுகளின் வேகக் குறையைச் சீர்செய்வது என் தொழில். அதில் முதலில் குற்றம் சாட்டப்படுவது எப்போதும் வட்டுதான். ஐப்பசி, குறுவை அறுவடை, காலை பத்து மணி, மழை விடவில்லை. தஞ்சாவூருக்கு அருகே ஓர் அரிசி ஆலையில் எடைச் சீட்டு வர வண்டிக்கு இருபது நிமிடம் ஆகிறதென்று அழைத்திருந்தார்கள். இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்காக, அன்று கேட்டதை எழுதுகிறேன்.

வாசலில்

பதினேழு டிராக்டர்கள் நின்றன. குத்தகை நிலத்தில் பயிரிட்ட செல்வி, தார்ப்பாயைத் தூக்கி என் கையை நெல்லுக்குள் விடச் சொன்னார். சுட்டது. மாலைக்குள் உலர்த்தியில் இறங்காவிட்டால் முளைத்துவிடும். முளைத்ததை ஆலை வாங்காது. நான் கணினி பார்க்க வந்தவள் என்றேன்.

“அதை அப்புறம் பாருங்கம்மா, முதல்ல நெல்லைப் பாருங்க.”

மூன்றாவது வட்டு

முதலாளி அதற்குள் இரண்டு வட்டுகளை மாற்றியிருந்தார். அளந்து பார்க்காமல் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

“தலைவலின்னா மாத்திரைதானேம்மா போடுறோம், தலையை அளந்தா பார்க்கிறோம்?”

உள்ளே வரிசை இல்லை

ஒரு பதிவு எழுதி முடியும்வரை நில்லாமல் அடுத்தடுத்துப் பல பதிவுகளை நேரே வட்டுக்கு அனுப்பும்படி அமைந்த நிரல் அது. அளந்தபோது வட்டின் முன் ஒரு நேரத்தில் ஒரே பதிவுதான் இருந்தது; அடுத்தது அது முடியும்வரை காத்திருந்தது. நிரல் தானே எழுதிவரும் பதிவேட்டைப் புரட்டினேன். ‘நேரடிப் பாதை மறுக்கப்பட்டது, சாதாரண முறையில் எழுதப்படும்’ என்று ஆயிரக்கணக்கான வரிகள். நிரல் எழுதிய பொறியாளரிடம் தொலைபேசியில், இதைத் திரையில் காட்டாதது ஏன் என்றேன்.

“காட்டினா பயந்துடுவாங்க மேடம்.”

பிள்ளையார் சுழி

நேரடிப் பாதையில் ஒவ்வொரு பதிவும் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டு கொண்ட கட்டத்தின் விளிம்பில் சரியாகத் தொடங்க வேண்டும். இங்கே எல்லாமே மூன்று பைட்டு தள்ளி நின்றன. கணக்குப்பிள்ளை கோவிந்தராஜு, குறுவைக்குப் புதுக் கோப்பு திறந்தவுடன், புதுக் கணக்கு நோட்டில் செய்வதுபோல் முதலில் ‘உ’ போட்டிருந்தார். அந்த ஓர் எழுத்து மூன்று பைட்டு. அதை நீக்க அவர் இசையவில்லை. வற்புறுத்த எனக்கும் நேரமில்லை. முதல் கட்டத்தில் ‘உ’வை மட்டும் வைத்து, மீதியை வெற்றிடமாக நிரப்பி, பதிவுகளை அடுத்த கட்டத்திலிருந்து தொடங்கச் செய்தேன். அடுத்த சீட்டு நான்கு விநாடியில் வந்தது. கோவிந்தராஜு திரையில் பிள்ளையாரின் ‘உ’வைப் பார்த்துச் சிரித்தார்.

“அவருக்குத் தனி அறையே கொடுத்துட்டீங்க. இனிமே ஏன் குறுக்க நிக்கப்போறாரு?”

இரண்டு மூட்டை

மூன்று மணிக்குச் செல்வியின் நெல் இறங்கியது. அடியில் இரண்டு மூட்டையளவு முளைகட்டியிருந்தது. ஈரமாகவே கொண்டுவந்தால் இப்படித்தான் என்று முதலாளி ஒதுக்கப் பார்த்தார். வண்டி வாசலுக்கு வந்து வரிசையில் பதிவான நேரமும் சீட்டு வந்த நேரமும் பதிவேட்டில் இருந்தன. இரண்டையும் அச்சிட்டு அவர் மேசைமேல் வைத்தேன். செல்வி அதைப் படிக்கவில்லை.

“முளைச்சது என் வயல்ல இல்லீங்க, உங்க வாசல்ல.”

மறுநாள் காலை அந்த இரண்டு மூட்டைக்கும் முதலாளி முழு விலை கொடுத்தார். என் கட்டணத்தைக் கார்த்திகையில்தான் தந்தார். அது முளைவிடும் பொருளல்ல என்பதால் நானும் அவசரப்படுத்தவில்லை.