தலையாட்டும் உண்டியல்

கொறற்றிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் எல்லோருக்கும் தெரியும். மன்னாரில் பிறந்து, அகதியாக வந்து, தையல் கடையொன்றில் ஜெர்மன்காரரின் காற்சட்டைகளுக்கு விளிம்படித்துப் பிழைக்கிறவள். கோயிலுக்குப் பீடத்துணியும் பூசை உடுப்பும் கூலி வாங்காமல் தைத்துக் கொடுப்பவளும் அவள்தான். அவளுடைய வாயைத் திட்டுகிறவர்களும் அந்தக் கைகளுக்காகப் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

2006ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புத் திருநாளான நத்தாருக்கு முன், பங்குச் சபைத் தலைவர் ஹெர் வெல்டர் கோயிலின் கூரை அறையிலிருந்து பழைய உண்டியல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதன்மேல் ஒரு கறுப்புச் சிறுவன் கைகூப்பி முழந்தாளில் இருந்தான். காசு போட்டால் தலை குனிந்து நிமிரும். ஜெர்மன் சுவாமிமார் வேதம் பரப்ப ஆபிரிக்காவுக்குக் கப்பலேறிய காலத்துச் சாமான். பொம்மையின் துணிச் சட்டையைப் பூச்சி தின்றிருந்தது.

"புதுச் சட்டை தைத்துத் தாருங்கள். பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம்" என்று அவளிடம் நீட்டினார்.

"இவன் ஏன் தலையாட்டுகிறான்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டாள் கொறற்றி.

"நன்றி சொல்கிறான். பள்ளிக்கூடம் கொடுத்தோம், மருந்து கொடுத்தோம், வேதம் கொடுத்தோம்."

"நிலத்தை எடுத்ததைச் சொல்லவில்லையே."

வெல்டர் சிரித்தார். "ஐரோப்பியர் வராவிட்டால் நீங்களே இன்று கத்தோலிக்கராக இருந்திருப்பீர்களா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேதத்துக்காக மன்னாரில் செத்தவர்கள் அவளுடைய சனம். யாழ்ப்பாணத்து அரசன் அவர்களை வெட்டினான். பல வருடம் கழித்து, அந்தச் சாவுக்கு நியாயம் கேட்கிறேன் என்று போர்த்துக்கேயன் கப்பலோடு வந்தான். வந்தவன் கோட்டை கட்டினான், முத்துக் குளிக்கிற கடலைத் தன் கைக்குள் போட்டுக்கொண்டான். செத்தவர்கள் அவனுக்கு நல்ல சாட்டு. பின்னால் வந்த ஒல்லாந்தன் அதே வேதத்தைத் தடைசெய்தான், முத்தை மட்டும் விடவில்லை. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். வெல்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

வீட்டில் கணவன் யாகோப்பு கெஞ்சினான். தமிழரின் நத்தார் விழாவுக்குக் கோயில் மண்டபத்தைத் தருவதும் மறுப்பதும் வெல்டரின் கையில் இருந்தது. பிள்ளைகள் நாடகம் பழகிக்கொண்டிருந்தார்கள். வேறு மண்டபம் எடுக்க ஒருவரிடமும் வசதியில்லை.

"தைச்சுக் குடுத்திட்டு வாயை மூடிக்கொண்டிரும். ஒரு பொம்மைக்குப் போய் இவ்வளவு ரோசமோ?"

"தைச்சுக் குடுக்கிறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றாள்.

தைத்தாள். வெள்ளைச் சட்டை, பொத்தான், எல்லாம் அச்சொட்டாக இருந்தன. கொலரை மட்டும் விறைப்பான கன்வஸ் துணி வைத்து உயர்த்தி, தாடைக்கு முட்டுக் கொடுத்து இறுக்கித் தைத்திருந்தாள்.

ஞாயிறு பூசை முடிய, எல்லோரும் பார்க்க வெல்டர் முதல் காசைப் போட்டார். காசு விழுந்த சத்தம் கேட்டது. சிறுவன் அசையவில்லை. இன்னொன்று போட்டார். அதற்கும் அவன் நிமிர்ந்தே இருந்தான்.

"தலை ஆடவில்லையே!" வெல்டரின் காதுமடல் சிவந்துவிட்டது.

"ஆடாது. உங்களுக்கு நன்றி சொல்ல அவனுக்கு ஒன்றுமில்லை."

பூ வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அவள் முன் நீட்டினார் வெல்டர். "கொலரை வெட்டுங்கள். இல்லாவிட்டால் மண்டபத்தை மறந்துவிடுங்கள்."

தமிழ்ச் சனம் முழுக்க அவளை முறைத்தது. "வெட்டுங்கோ அக்கா, பிள்ளையள் பாவம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எப்பவும் இவவாலதான் கரைச்சல்" என்று இன்னொன்று.

"ஏலாது" என்றாள் கொறற்றி.

யாகோப்பு முன்னுக்கு வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே கத்தரிக்கோலை வாங்கிக் கொலரை வெட்டினான். கத்தரிக்கோல் முனை பட்டுச் சிறுவனின் கழுத்துப் பூச்சும் கீறுப்பட்டது.

"ஒரு காசு போட்டுப் பாருங்கள்" என்றார் வெல்டர்.

யாகோப்பு சட்டைப்பையைத் தடவி ஒரு காசை எடுத்துப் போட்டான். தலை ஆடியது. வெல்டர் அவன் தோளில் தட்டி, மண்டபக் கதவின் திறப்புச் சாவியைக் கையில் வைத்தார்.

"டாங்கே, ஹெர் வெல்டர்" என்று குனிந்து நன்றி சொன்னான் யாகோப்பு.

அந்த மனிதனோடு ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறதே என்று கசந்துகொண்டாள் கொறற்றி.