ஏழுமலையின் இடது பக்கம்: பேராசிரியர் ஆரோக்கியமேரி நினைவாக

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை முதுகலை வகுப்பில் இருந்தேன். அலுவலக உதவியாளர் வந்து, மரக்காணத்திலிருந்து ஒரு பெண் போனில் அழுகிறார், பேர் கேட்டால் சொல்ல வரவில்லை என்றார். ஓடிப்போய் எடுத்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"சின்ன மேடம், நான் தனம் பேசறேன். பெரிய மேடம் போயிட்டாங்க. காலையில காப்பி எடுத்துக்கினு போய் எழுப்பினேன், எழுந்துக்கவே இல்ல."

அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. நான் வகுப்புக்குத் திரும்பிப்போய், கரும்பலகையில் பாதியில் விட்டிருந்த வரியை எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. பிறகுதான் மாணவர்களிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது வேறு யாரையோ பற்றிய செய்திபோலக் கேட்டது.

பேராசிரியர் ஆரோக்கியமேரி அவர்களை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மரக்காணத்து உப்பளக் கூலிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தார். சென்னைக்கு வந்து பட்டங்கள் பெற்று, எங்கள் துறையில் சேர்ந்தார். மனித மூளை எதைக் கவனிக்கிறது, எதைக் கவனிக்காமல் விடுகிறது என்ற ஒரே கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வு ஒன்றைக் கெடுத்திருந்தது. அதை யாரிடமும் சொல்லமாட்டார். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் படிப்பதுபோல் நிற்பார். வாரம் முழுக்க ஒரே அறிவிப்பைப் படித்ததால்தான் எங்களுக்கு விஷயம் தெரியவந்தது.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பரிசோதித்துவிட்டு வந்து, "அந்த வலது மூளை கேஸ், மேடம்" என்று பேச ஆரம்பித்தேன்.

"அவரு பேரு என்னம்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

"போய்க் கேட்டுக்கினு வா. அப்புறம் பேசலாம்."

வகுப்பறையில் அச்சுக் கோத்ததுபோல் பேசுகிறவர், மனதுக்கு நெருக்கமானவர்களிடம் மட்டும் ஊர்ப் பேச்சில் பேசுவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவமானமும் கோபமுமாக இரண்டு பஸ் மாறிப் போய்ப் பேரைக் கேட்டு வந்தேன். அன்று தொடங்கி பதினான்கு ஆண்டுகள் அவரோடு வேலை செய்தேன்.

ஏழுமலையை மேடம் முதலில் பார்த்தது 2004 கோடையில். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக மரக்காணம் போனவர், உப்பளத்து வழியே நடந்து வந்திருக்கிறார். ஒரு தொழிலாளி நீண்ட கழி பூட்டிய பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். பாத்தியின் வலது பாதியைச் சுத்தமாக வாரிக் குவித்துவிட்டு, வேலை முடிந்ததென்று கரையேறினார். இடது பாதியில் உப்பு அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. மேஸ்திரி கத்தினார்: "குடிச்சிட்டு வந்து வேலை செய்யறான் பாருங்க. பாதி வாரிட்டு முழுசா வாரிட்டேன்னு சாதிக்கிறான்."

மேடம் அங்கேயே நின்றுவிட்டார். சென்னை திரும்பியதும் என்னிடம் சொன்னார்: "அந்த ஆளுக்கு உலகத்துல இடது பக்கமே இல்லம்மா. இல்லன்றதும் அவருக்குத் தெரியல."

வலது மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இப்படி நேரும். கண்ணில் குறை இருக்காது. ஆனால் இடப்பக்கம் இருப்பது எதுவும் மனதில் ஏறாது. பாடப்புத்தகத்தில் பலமுறை படித்ததுதான். ஏழுமலையின் வீட்டுக்குப் போன அந்தச் சனிக்கிழமைக்கு முன்பு, அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்ததாக நான் இப்போது நினைக்கவில்லை.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டின் வலது பாதி காலியாக இருந்தது. இடது பாதியில் சோறும் குழம்பும் தொடாமல் இருந்தன. மனைவி தனம் அவருடைய இடப்பக்கத்தில், கை தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பக்கவாதம் வந்து ஒம்போது மாசம் ஆவுதுங்க" என்றார் தனம். "கையி காலு எல்லாம் சரியாயிடுச்சு. என்னைத்தான் புடிக்கல. ஆக்கிப்போட்டா பாதி சோத்த ஒதுக்கிடறாரு. பக்கத்துலயே குந்தியிருக்கேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்றாரு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேளுங்க."

மேடம் தனத்தின் கையைப் பிடித்து எழுப்பி, கணவரின் பின்னால் சுற்றி அழைத்துவந்து, வலப்பக்கம் உட்காரவைத்தார். ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கடி போயிட்ட? வூட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க, உன்னக் காணோம்?"

தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் குனிந்து தட்டை அரைச்சுற்றுத் திருப்பினார். "இன்னும் சோறு வச்சியா?" என்று ஏழுமலை மிச்சத்தையும் சாப்பிட ஆரம்பித்தார்.

அங்கிருந்து ஒரு வேலையாகப் புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். கூனிமேடு தாண்டியபின், "ஒம்போது மாசம் வசந்தி" என்றார். "அந்தப் பொண்ணு ஒம்போது மாசம் புருசனுக்குத் தன்னைப் புடிக்கலன்னு நெனச்சிக்கினு பக்கத்துலயே குந்தியிருந்திருக்கு."  

அதன்பின் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை போனோம். பாத்தியின் இடது வரப்பில் ஒரு கழி நட்டு, சிவப்புத் துணி கட்டினார் மேடம். அந்தத் துணியைத் தேடிக் கண்ணால் தொட்ட பிறகுதான் ஏழுமலை வாரத் தொடங்க வேண்டும். ஓரிரு மாதங்களில் முழுப் பாத்தியையும் வாரினார். நான் கொண்டுபோன தாள் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. கட்டுரை எழுதினோம். மேடம் என் பெயரை முதலில் போட்டார். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. என் பதவி உயர்வு அதை நம்பியிருந்தது.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. கரையோரக் குப்பங்களில் நேர்ந்ததைச் சொல்ல எனக்கு வாய் வராது. மேடம் மறுநாளே போய், பிணங்களை அடையாளம் காட்ட நின்ற பெண்களோடு நின்றார். உப்பளங்களில் சேறு மூடியது. சீசன் தொடங்கியபோது மேஸ்திரி ஏழுமலையை வேறு பாத்திக்கு அனுப்பினார். நாங்கள் போய்ப் பார்த்தோம். வலது பாதியை வாரி முடித்துவிட்டு, திருப்தியாகக் கரையேறினார் அவர்.

மேடம் அன்றே முடிவு செய்துவிட்டார்; என்னிடம் சொன்னது இரண்டு நாள் கழித்து.

"கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம் வசந்தி."

"நாம அளந்தது எதுவும் பொய்யில்ல, மேடம்."

"அவரு குணமாயிட்டாருன்னு எழுதியிருக்கோம். அவரு குணமாவல. அந்தத் துணிய மட்டும்தான் பாக்கக் கத்துக்கினாரு."

"இன்னொரு கட்டுரையில அதையும் எழுதலாமே. இத வெளிய வரவிடுங்க. எனக்கு எவ்ளோ முக்கியம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "தெரிஞ்சிதான் ரெண்டு நாளா உங்கிட்ட பேச பயந்துக்கினு இருந்தேன்."

கட்டுரை வாபஸ் ஆனது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் மேடத்தோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் நீண்ட விடுப்பில் மரக்காணம் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் குடியிருந்தார். ஓய்வு பெறப் போகிறவருக்கு இப்படி நேர்மை காட்டுவது சௌகரியம் என்று துறையில் யாரோ சொன்னபோது, நான் மறுத்துப் பேசவில்லை. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

வால்வுக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் நாள் குறித்ததையும், "உப்பு சீசன் முடியட்டும்" என்று அவர் தள்ளிப்போட்டதையும் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இறப்பதற்கு ஐந்து வாரம் முன்பு அவரே போன் செய்தார். "வசந்தி, ஞாயித்துக்கெழம ஒருதரம் வந்துட்டுப் போயேன். ஒண்ணு காட்டணும்."

"பேப்பர் திருத்தற வேலை இருக்கு மேடம். பாக்கறேன்" என்றேன்.

"சரிம்மா. முடிஞ்சா வா."

என்னிடம் திருத்த ஒரு தாள்கூட இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

நான் மரக்காணம் போய்ச் சேர்ந்தபோது மேடத்தைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. உப்பளத்துப் பெண்கள் வேலை உடையோடு, முழங்கால் வரை வெளுத்த கால்களோடு வந்து நின்றார்கள். நான் அவருடைய காலடியில் நின்றேன். முகத்தருகே போக எனக்குத் துணிவில்லை.

ஏழுமலை பெட்டியின் பக்கவாட்டில் நின்றிருந்தார்; நான் அவருக்கு இடப்பக்கம். மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினார், இன்னும் திருப்பினார், என்னைக் கண்டுகொண்டார்.

"சின்ன மேடம் வந்திருப்பாங்களேன்னு பாத்தேன், காணல. அப்புறம் இந்தப் பக்கமும் பாக்கணுமேன்னு திரும்புனேன்" என்றார்.

நான் திகைத்துப் போனேன். "இப்ப யாரு துணி கட்டறாங்க?" என்று கேட்டேன்.

"துணியெல்லாம் கெடையாதுங்க. இடது பக்கம் எனக்குத் தெரியாதுன்றது இப்ப எனக்குத் தெரியும். அத்தத்தான் மேடம் கத்துக்குடுத்தாங்க. தெரியாதுன்றதாலதான் திரும்பிப் பாக்கறேன்."

எப்படி என்பதைத் தனம் சொன்னார். தினமும் வேலை முடிந்ததும் மேடம் அவரை எதிர் வரப்புக்குக் கூட்டிப்போவாராம். அங்கிருந்து பார்க்கும்போது அவர் விட்ட பாதி வலப்பக்கம் வந்துவிடும்.

"மொதல்ல இவரு ஒத்துக்கவே மாட்டாரு சின்ன மேடம். 'இது வேற எவனோ வுட்டது'ன்னு சண்டை போடுவாரு. 'சரி ஏழுமல, நாளைக்கிப் பாக்கலாம்'னு சொல்லிட்டு பெரிய மேடம் எழுந்துடுவாங்க. வெயில்ல மூச்சு வாங்கும் அவங்களுக்கு. மாசக்கணக்கா இதேதான். ஒரு நாளு இவரு நின்னு பாத்துட்டு, 'நான் வுட்டதா மேடம் இது?'ன்னு கேட்டுட்டு அழுவறாரு. அவங்களும் வரப்புல குந்திக்கினு அழுவறாங்க."

முப்பது ஆண்டுகள் ஆராய்ந்த ஒருவர் கடைசியில் கண்டது அது. அதைத்தான் எனக்குக் காட்ட நினைத்திருக்கிறார். அவருடைய குறிப்பேடுகள் ஒன்பதும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. மாதம் தவறாமல் எழுதியிருக்கிறார். கட்டுரையாக்கி, அவர் பெயரில் வெளியிடுவேன்.

கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தபின், தனம் என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"என்னைக் கூப்பிட்டாங்க தனம். நான் வரல."

"தெரியும் மேடம்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "அன்னைக்கி எறா வாங்கி என்னை ஆக்கச் சொன்னாங்க. 'வேல இருக்குன்னுதான் சொன்னா, ஆனா வந்துடுவா'ன்னு இங்கதான் வந்து குந்திக்கினாங்க. ரெண்டு பஸ் பாத்துட்டு வூட்டுக்கு வந்தாங்க. 'வேல அதிகம்போல, பாவம்'னு சொல்லிட்டு எங்களச் சாப்புடச் சொன்னாங்க."

சென்னை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பஸ் போய்விட்டது. தனம் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: மேடம், நான் வந்துவிட்டேன். நீங்கள் உட்கார்ந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போய் வாருங்கள்.