உறங்கிப் போன கேஸ்

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று சாக்கோ வக்கீல் முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் குமஸ்தா. அந்தப் பூட்டை அவர் அன்றைக்கே போட்டிருக்கலாம். ரம்லத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது.

ரம்லத், மீன்கார மொய்தீனின் மகள். எங்கள் கோர்ட் வாசல் டைப்பிங் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். இந்தத் தாலுக்காவின் ஜாமீன் மனுக்களில் பாதி அவள் விரல் வழியாகத்தான் போகும். வக்கீல்மார் பிரிவு எண்ணைத் தப்பாக எழுதிக் கொடுத்தால் சத்தம் போடாமல் திருத்திவிடுவாள். ஒருநாள் சாக்கோ வக்கீல் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எனக்கே திருத்தம் போடுறியா? அப்ப இங்க ஏன்டி உக்காந்திருக்க? போய் சட்டம் படி!"

படித்தாள். பகலில் கல்லூரி, சாயங்காலம் கடை. கூடப் படித்த சின்னப் பிள்ளைகள் அவளை "டீச்சரம்மா" என்று கேலி செய்தார்கள். அவளைப் பெற்ற உம்மா மட்டும், "வாழாவெட்டியா வந்தவளுக்குக் கறுப்புக் கோட்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்று முணுமுணுத்துக்கொண்டே சோறு கட்டிக் கொடுத்தாள். மூன்று வருடத்தில் எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸ்.

இனி என் வாய் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

அவளுக்கு இருபது வயசில், சலுகைச் சீட்டு வைத்திருந்த ஒரு மாணவியை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டான் ஒரு கண்டக்டர். கல்லூரிப் பிள்ளைகள் ரோட்டை மறித்தார்கள். பஸ் கண்ணாடி நொறுங்கியது. பன்னிரண்டு பேர் மேல் கேஸ். ஏழாவது பெயர் ரம்லத். மற்ற பதினொரு பேரும் வந்து அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். ரம்லத்துக்கு அந்த வாரம் நிக்காஹ். சம்மன் கொண்டுபோன போலீஸ்காரரிடம், "அப்படி ஒருத்தி இங்க இல்ல" என்று உம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

மூன்று வருடம் கழித்து தலாக் வாங்கித் திரும்பி வந்து கடையில் சேர்ந்த புதிதில் என்னிடம் கேட்டாள். அண்ணன் முறை வைத்து என்னை ஏட்டா என்றுதான் கூப்பிடுவாள். "கோவிந்தேட்டா, அந்த பஸ் கேஸ் என்னாச்சு?"

என் வாயில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி. "அதுவா? அது எப்பவோ உறங்கிப் போச்சு மோளே."

"அப்பாடா!" என்றாள்.

ஆள் கிடைக்காத கேஸை நெடுங்காலப் பதிவேட்டில் எழுதிப் பரணில் ஏற்றிவிட்டால், அதைத்தான் குமஸ்தாக்கள் உறங்கிப் போச்சு என்போம். வாரண்ட் அப்படியே உயிரோடு இருக்கும். அவளோ முடிந்துபோச்சு என்று எடுத்துக்கொண்டாள். பிறகு இதே சொல்லை எங்கள் வாயில் நூறு தடவை கேட்டிருப்பாள், அர்த்தமும் தெரிந்திருக்கும். ஆனால் பதினொரு பேருக்கு முடிந்தது தனக்கும் முடிந்தது என்றே நம்பியிருந்தாள்.

வக்கீலாகப் பதிவு செய்யும் விண்ணப்பத்தை அந்தக் கடையில் உட்கார்ந்து அவளே டைப் செய்தாள். கேள்விகளைச் சத்தமாகப் படித்தாள். "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா? இல்லை! கோவிந்தேட்டன் மேல வேணா ஒண்ணு போடலாம், பழம்பொரி திருடுன கேஸ்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த பஸ் கேஸ் ஞாபகம் வந்தது. பதிவேட்டு அறைக்கு ஓடினேன். தூசியைத் தட்டிப் புரட்டினால், ஏழாவது பெயருக்கு எதிரே சிவப்பு மையில் வாரண்ட் நிலுவை.

ஆமாம் என்று எழுதியிருந்தால் ஒன்றும் ஆகாது. சின்னக் கேஸ், ஒரு விளக்கத்தோடு போயிருக்கும். இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவதுதான் ஆளையே கவிழ்க்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நாலு நாளில் எர்ணாகுளத்தில் பதிவு, உம்மா அவள் தலைக்குப் போடப் புதுத் தட்டம் வாங்கி வைத்திருந்தாள், வண்டி பேசியாகிவிட்டது. சொன்னால், "பதினோரு வருஷம் முன்னாடி ஏன் சரியாச் சொல்லல?" என்று கேட்பாளே! பதினாலு வருடம் உறங்கியது இன்னும் கொஞ்சம் உறங்கட்டும் என்று விட்டேன். படுபாவி நான்.

பதிவு நடந்தது. சாக்கோ வக்கீலிடமே ஜூனியராகச் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் புது மாஜிஸ்திரேட் வந்தார். உறங்கும் கேஸ்களை எல்லாம் வருட வரிசைப்படி திங்கட்கிழமைதோறும் எடுக்க உத்தரவு போட்டார்.

"ஏட்டா, பழசையெல்லாம் எழுப்புறாங்க. நமக்கு நல்ல வேலைதான்!" என்று ரம்லத் குஷியானாள்.

ஒவ்வொரு திங்களும் அந்த பஸ் கேஸின் வருடம் நெருங்கிக்கொண்டே வந்தது.  இரண்டு தடவை அவள் மேஜைக்கு முன்னால் போய் வாயைத் திறந்தேன்.

"என்ன ஏட்டா, பல்லுவலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்தத் திங்களன்று அவள் இரண்டாவது வரிசையில் சாக்கோ வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோர்ட் எழுத்தர் கட்டைப் பிரித்தார்.

"பஸ் மறியல் கேஸ். ஏழாம் எதிரி, ரம்லத், மொய்தீன் மகள்."

போலீஸ்காரர் பழக்கத்தில் எழுந்தார். "ஆளைக் காணோம் மேடம், ஊரிலயே இல்ல."

சாக்கோ வக்கீலின் பேனா கீழே விழுந்தது. ரம்லத் நீதிபதியைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து கவுனைக் கழற்றி, கழுத்துப் பட்டையை அவிழ்த்து, இரண்டையும் மடித்து என் கேஸ் கட்டுகளின் மேல் வைத்துவிட்டுக் கூண்டுக்குப் போனாள்.

"யாருக்காக ஆஜர்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நான்தான் மேடம் ஏழாம் எதிரி."

அபராதம் கட்டினாள். அரை மணியில் கேஸ் முடிந்தது. எர்ணாகுளத்தில் கிடந்த சத்தியத்தாள் முடியவில்லை. பொய் சொன்னதற்காக வக்கீல் பதிவேட்டிலிருந்து உன் பெயரை ஏன் நீக்கக் கூடாது என்று பத்தாம் நாள் கடிதம் வந்தது.

பதிலை அந்தப் பழைய கடையில் அவளே டைப் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"குமஸ்தா அப்படிச் சொன்னான்னு எழுது மோளே."

அவள் விரல்கள் நின்றன. "எந்தக் குமஸ்தான்னு எழுத? அன்னைக்கு வாய் தவறிச் சொன்னவரா, இல்ல, நான் விண்ணப்பம் அடிக்கும்போது தெரிஞ்சும் சும்மா இருந்தவரா? நீங்க பதிவேட்டு அறைக்கு ஓடுனதை நான் பாத்தேன் ஏட்டா. அன்னைக்குப் புரியல."



"தெரிஞ்சவன்னே எழுது," என்றேன். அவள் எழுதினாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எர்ணாகுளத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை.