நாற்பத்தொன்றை மூன்றாக்கிய சனிக்கிழமை

கிளை நூலகத்தின் கவுண்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்கு வாசகர்கள் வைத்த பெயர் சீல் அக்கா. தேதி முத்திரையை அவர் குத்துகிற குத்தில் மேஜை அதிரும். மற்றபடி பூனைக்குக்கூட வழிவிட்டு நிற்கிற ஆள். ஒழுங்கு என்றால் உயிர். அலமாரியில் ஒரு புத்தகம் தலைகீழாக இருந்துவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவரின் கமிட்டுகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பல நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் பொது மென்பொருள் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அதில் நெடுநாளாக ஒரு கோளாறு: முன்பதிவு வரிசையில் முதல் ஆள் வேண்டாமென்று விலகினால், புத்தகம் இரண்டாம் ஆளைத் தாண்டி மூன்றாம் ஆளிடம் போய்விடும். இரண்டாம் ஆள் சண்டைக்கு வருவது மென்பொருளிடம் அல்ல, அக்காவிடம். வாங்கிக் கட்டிக்கொண்டு அலுத்துப்போனவர், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, இரண்டு மாதம் மல்லுக்கட்டித் தானே சரிசெய்துவிட்டார்.

நிரலில் ஒரு மாற்றம் செய்து, இன்னது செய்தேன் என்று ஒரு வரிக் குறிப்போடு சேமிப்பதற்குத்தான் கமிட் என்று பெயர். அக்காவிடம் நாற்பத்தொன்று சேர்ந்திருந்தன. குறிப்புகள் இந்த அழகில் போயின: ‘சரியாச்சு’. ‘ஆகலை’. ‘இப்போ நிச்சயம் சரி’. ‘கடவுளே’. ‘நேத்து செஞ்சதை அழிச்சாச்சு’. ‘அழிச்சது தப்பு’. ‘அண்ணி வந்துட்டாங்க, மீதி அப்புறம்’.

மென்பொருளின் பொறுப்பாளர் தொழிலால் கணக்கு வாத்தியார், குணத்தாலும் அதுவே. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் புதிய பதிப்பின் கதவைச் சாத்துகிறார். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அன்று காலை ஒன்பதுக்குப் போன் வந்தது.

“மேடம், வேலை பிரமாதம். ஆனா இந்த நாற்பத்தொண்ணை அப்படியே சேர்க்க முடியாது. நாளைக்குப் படிக்கிறவனுக்கு என்ன புரியும்? ‘கடவுளே’ன்னா அது என்ன திருத்தம்?”

“அன்னைக்கு மனசுல இருந்தது அதுதான் சார்.”

“மனசெல்லாம் வேணாம். மூணா மடிச்சுக் குடுங்க. சோதனை ஒண்ணு, திருத்தம் ஒண்ணு, விளக்கம் ஒண்ணு. பன்னிரண்டு மணிக்குள்ள.”

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தார் அக்கா. கணவருக்கு மூத்தவரான அண்ணி, மாடியில் தையல் கடை வைத்திருப்பவர், கழுத்தில் அளவு நாடாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏன்டி, நான் வந்ததெல்லாம் வேற எழுதி வெச்சிருக்கே?”

“அதைத்தான் அண்ணி இப்ப எடுக்கப்போறேன்.”

“எடு, எடு. ஊருக்கெல்லாம் தெரியணுமா?”

பட்டியலில் ஒவ்வொரு கமிட்டுக்கும் மூன்று வழி: வைத்துக்கொள்ளலாம், மேலே இருப்பதோடு சேர்க்கலாம், தூக்கி எறியலாம். செல்லரித்த புத்தகங்களைக் கழித்துக் கழித்துப் பழகிய கை. எறிவதில் ஒரு வேகம் வந்துவிட்டது.

“இதென்னடி, ‘சும்மா’ன்னு ஒண்ணு?”

“சும்மாதான் அண்ணி.” எறிந்தார்.

பத்தரைக்கு மூன்றே மூன்று. வெள்ளை வேட்டி மாதிரி இருந்தது கமிட் வரலாறு. ஒருமுறை சோதித்துப் பார்ப்போமே என்று ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. இரண்டாம் ஆள் பழையபடி வரிசையில் அம்போ.

“காலையில ஓடுச்சே!” என்று தலையில் கைவைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் முன்பு, “என்னடி பண்றே?” என்று அண்ணி கேட்க, வெட்கத்தில் “சும்மா” என்று வாய் சொல்ல, கையும் அதையே தட்டிவிட்டது. உள்ளே இருந்தது ஒற்றை வரி. ஆனால் கோளாறைத் தீர்த்த வரி அதுதான். மீதி நாற்பதும் அதைத் தேடி அலைந்த அலைச்சல்.

பதினொன்றேகாலுக்குப் பொறுப்பாளரை அழைத்தார். “சார்... எறிஞ்சதை எடுக்க வழி உண்டா?”

எதிர்முனையில் சிரிப்பு. “மேடம், நான் ஒரு தடவை ‘தற்காலிகம்’னு இருந்ததைத் தூக்கிப் போட்டேன். மூணு நாள் ஒரு நூலகத்துலயும் யாராலயும் மென்பொருளுக்குள்ள நுழைய முடியலை. பயப்படாதீங்க, நீங்க எறிஞ்சதையும் உங்க கம்ப்யூட்டர் கொஞ்ச நாள் ஒளிச்சு வெச்சிருக்கும். ‘கிட் ரெஃப்லாக்’னு அடிங்க.”

அடித்தார். காலையிலிருந்து செய்த அத்தனை அட்டூழியமும் நேரத்தோடு வரிசையாக நின்றது. நடுவில் ‘சும்மா’. அதை மீட்டு இரண்டாவது கமிட்டில் சேர்த்து, ‘விலகியவருக்கு அடுத்தவரைத் தவறவிடாமல் அழைத்தல்’ என்று பெயர் மாற்றி ஓட்டினார். பச்சை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார். நான்கு நிமிஷத்தில் பதில்: ‘சேர்க்கப்பட்டது.’

அண்ணி விடவில்லை, மூன்றையும் உரக்கப் படிக்கச் சொன்னார். அக்கா படித்தார். சோதனை, ஒரு வரித் திருத்தம், விளக்கம்.

“இவ்வளவுதானா?” அண்ணியின் முகத்தில் ஏமாற்றம். “அரை மணி நேர வேலை மாதிரி இருக்கு. இதுக்கா ரெண்டு மாசம்?”

“அப்படித் தெரியறதுக்குத்தான் அண்ணி காலையிலேர்ந்து இந்தப் பாடு பட்டேன்.”