ஏலாது

லக்சனாவைப் பாடகி என்று எழுதிய பேப்பர்காரர்களை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். அவள் எந்த மேடையில் பாடினாள்? ‘பாதை’ என்ற இசை இரட்டையரின் தாளம் முழுக்க அவள் தன் மடிக்கணினியில் கட்டியது. கூட்டாளி அர்ஷாக் மேடையில் துள்ளுவான், சனத்தையும் துள்ளவைப்பான். அதுவும் வேலைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பொடியன் இசையமைப்பாளர், பக்கத்தில் நிற்கிற பெட்டை பாடகி என்று உலகம் தன் பாட்டில் முடிவெடுத்துவிட்டது.

சண்டையில் சம்பூரைவிட்டு ஓடியபோது லக்சனா சின்னப்பிள்ளை. முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் வேறு வேறு ரேடியோ அலறும். அந்த இரைச்சலையெல்லாம் ஒரே தாளத்துக்குள் அடக்க வேண்டும் என்ற வெறி அங்கேதான் பிடித்தது. பிறகு நகரத்துக் கணினி வகுப்பில் கிண்ணியா அர்ஷாக்கைச் சந்தித்தாள். பாலம் வருமுன் கிண்ணியாவுக்குச் சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிப்போன மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். அதையே இருவரும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

முதலில் பேர் வாங்கித் தந்தது ‘ஐஸ்பெட்டி’. மீன் இறங்குமிடத்தில் ஐஸ் உடைக்கிற சத்தத்தை வெட்டி ஒட்டிய பாட்டு. ஊர் ஓட்டோக்களெல்லாம் அதில் அதிர்ந்தன. அடுத்தது ‘ஏலாது’. அது பிறந்ததே கோபத்தில். ஒரு மண்டபக்காரர் போனில், “பிள்ளை, நீங்க முன்னுக்கு நிண்டு ஆடுங்கோ, தம்பி மெஷினைப் பார்க்கட்டும்” என்றார். “ஏலாது. ஏலாது எண்டா ஏலாது” என்று சீறினாள் லக்சனா. பக்கத்தில் மைக் திறந்து கிடந்திருக்கிறது. பதிவான அந்தச் சீறலைத் துண்டு துண்டாக்கித் தாளத்தில் ஏற்றினாள். கலியாண வீடு, பெருநாள், திருவிழாக் கடைத்தெரு, எங்கே போனாலும் அந்தப் பாட்டுத்தான்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு பாட்டுக் கம்பனி வந்தது. அந்த மேதாவிகள் ‘பாதை’ என்ற பெயருக்கு நெடுஞ்சாலைப் படம் போட்டார்கள். அதையாவது சிரித்துத் தொலைக்கலாம். ஏலாது என்றால் சென்னையில் விளங்காதாம். லக்சனாவின் குரலை எடுத்துவிட்டு, வேறொரு பெண்ணைக்கொண்டு “முடியாது” என்று குழைந்து பாடவைத்தார்கள். அவளைக் கேளாமலே அர்ஷாக் ஓம் சொல்லிவிட்டான். அதைப்பற்றியும் உப்புவெளிக் கடற்கரையில் மேடை ஏறப்போகும்போதுதான் வாய் திறந்தான்.

“ஒரு சொல்லுத்தானே மாத்தினது. ஏன் இப்பிடிக் கோவிக்கிறாய்?”

“சொல்லு இல்ல, அது என்ர குரல். என்னைக் கேட்டனியா?”

“கேட்டா நீ விடமாட்டாய் எண்டு தெரியும்.”

“அப்ப தெரிஞ்சுதான் செய்தனி.”

மண்டபக்காரர் யாரோ ஒருவர். இவன் அந்தப் போனின்போது பக்கத்தில் இருந்தவன்.

கம்பனிக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். லக்சனா கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவளுடைய கணினியில் அர்ஷாக்கே புதுப் பாட்டைப் போட்டான். தாளம் ஏறி ஏறி, குரல் வருகிற இடத்தில் நின்றது. “முடியாது” என்று குழைந்தது அந்தக் குரல்.

கூட்டம் திகைத்து நின்றது. பின்னாலிருந்து மூதூர்ப் பொடியன்கள் சிலர் “ஏலாது” என்றார்கள். அடுத்த முறை குரல் வந்தபோது கரை முழுக்க அதையே கத்தியது. குழைந்த குரல் இருந்த இடம் தெரியவில்லை.

அர்ஷாக்கின் முகம் கறுத்துப்போனது. அவள் காதருகே குனிந்தான். “பழசையே போடுவம். கம்பனியோட நான் கதைக்கிறன். நாங்க சேர்ந்தே இருப்பம், என்ன?”

லக்சனா கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பாட்டு நின்றது. சனம் நிறுத்தவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மேடையைவிட்டு இறங்கினாள்.